விடுதலை பெற்றவனும் குற்றவாளியா?

எழுத்துத் தேர்வில் வென்றான். ஓட்டத்திலும் கயிறேற்றத்திலும் வென்றான். மருத்துவ ஆய்விலும் தேறினான். இறுதியில் அவனூர்க் காவல்நிலையத்தினின்று ஒரு தாள் செல்கின்றது. அத்தாளை அவன் கண்ணிற் காட்டுவோர் அரியர். வேலை போயிற்று!

தமிழ்நாட்டுச் சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14ஆம் விதியின் விளக்கம் என்ன சொல்கிறது? ஐயத்தின் பயனால் விடுதலை பெற்றவனும், முறையிட்டவர் பிறழ்சான்று கூறியதால் விடுதலை பெற்றவனும் வழக்கில் தொடர்புடையவனாகவே கருதப்படுவான்! 2008ஆம் ஆண்டில் சென்னை உயர் நயன்மன்றத்தின் முழு ஆயமும் இது செல்லும் என்றது. வரப்புச் சண்டையில் அண்ணன் பெயரோடு, கல்லூரியிலிருந்த தம்பி பெயரையும் சேர்த்தெழுதுவது நாட்டுப்புறத்தார் நன்கறிந்த வழக்கம். பின்னர் இரு வீட்டாரும் கூடிக்கொள்வர்; முறையிட்டவர் மன்றத்தில் வாய்மாறுவார். அண்டைவீட்டார் கூடிவாழ்ந்த குற்றத்திற்குத் தம்பி வேலையிழக்க வேண்டுமோ?

மதிப்புடன் விடுதலை பெற்றால் தடையில்லையாம். அவ்வாறொரு சொல்லே குற்ற நடைமுறைச் சட்டத்தில் இல்லையென்று 2012ஆம் ஆண்டில் இந்தியத் தலைமை நயன்மன்றமே உரைத்தது. இல்லாத சான்றை எங்கே சென்று வாங்குவான்? அப்படியே பெற்றாலும் அடுத்த தேர்வில்தான் மீண்டும் நிற்கவேண்டும். அதற்குள் அகவை வரம்பு கடந்துவிடும்.

காவலுக்குத் தூயவர் வேண்டாவா என்பர். வேண்டும், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவனை நீக்குக. ஆனால் வழக்கெழுதிய கையே நடத்தைச் சான்றும் எழுதுமாயின், ஊடே மன்றம் எதற்கு?

1983ஆம் ஆண்டில், மத்தியப் பிரதேசத்து ஆசிரியர் ஒருவர் ஆர்.எசு.எசு., சனசங்கச் செயல்களில் ஈடுபட்டாரென்ற காவல்துறை அறிக்கையால் நீக்கப்பட்டது செல்லாதெனத் தலைமை நயன்மன்றம் தீர்த்தது. அவ்வியக்கங்கள் தமிழுக்கு எதிர்முனையில் நிற்பவை. ஆயினும் அத்தீர்ப்பு நேரியதே. இளமையில் முழக்கமிட்டமை போன்ற சிறு செயல்களைப் பொறுக்கலாமென 2016ஆம் ஆண்டிலும் அம்மன்றம் கூறியது. (முழக்கமிடுவது பொறுக்கத்தக்க பிழையாம்! 1965ஆம் ஆண்டு மொழிப்போரில் முழக்கமிடாத தமிழ்மாணவர் எத்தனை பேர்?) தன் வாழ்வைப் பிறர் துருவாதிருக்கும் உரிமை அடிப்படை உரிமையே என்று 2017ஆம் ஆண்டில் ஒன்பதின்மர் ஆயம் ஒருமுகமாகத் தீர்த்தது. இங்கோ தேநீர்க்கடையில் அமர்ந்து ஒருவன் குடும்பச் செய்தியெல்லாம் உசாவப்படுகின்றது.

அவ்விளக்கத்தை அரசு நீக்குக. காவல்நிலையத் தாளின் படியை, ஆணை பிறக்குமுன் இளைஞன் கையிற் கொடுத்து அவன் மறுப்பைக் கேட்க.