காணோம் வேறு, இல்லை வேறு

அறிவியல் மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும்போது, பாதி வழியில் ஏதோ ஒரு லைப்ரரியைக் காணோம் என்று திரை சொல்லிவிட்டு நிற்பது அன்றாடம் நடப்பது. அதைப் படித்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: அந்தப் பெயரிலுள்ள பேக்கேஜை நிறுவுவது, ஏற்கெனவே இருந்தால் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. காணோம் என்றால் கணினியில் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆய்வகங்களில் மூத்த மாணவர் இளையவருக்குக் கைமாற்றிவிடும் இந்த நம்பிக்கை தவறு. அவ்வப்போது பலித்துவிடுவதால்தான் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

அந்தச் செய்தியின் பொருள் இவ்வளவே: தேடிய இடத்தில், தேடிய பெயரில், கோப்பு கிடைக்கவில்லை. தேடுவதும் ஒன்றல்ல, மூன்று. ஹெடர் கோப்பைத் தேடுவது கம்பைலர். கம்பைல் ஆன துண்டுகளைச் சேர்க்கும்போது லைப்ரரியைத் தேடுவது லிங்கர். முடிந்த நிரலை ஓட்டும் நேரத்தில் தேடுவது லோடர். மூன்றும் பார்க்கும் ஃபோல்டர்கள் வேறு. கேட்கும் பெயர்கூட வேறு. ஒன்றிடம் சொன்ன விலாசம் மற்றதற்குத் தெரியாது.

உபுண்டுவில் எச்டிஎஃப்5 படுத்தும் பாடு இதற்கு நல்ல சான்று. அளவீட்டுத் தரவுகளைச் சேமிக்கும் இந்த லைப்ரரிக்குத் தனிக் கணினிக்கான வடிவம் ஒன்று, பல கணினிகள் சேர்ந்து இயங்கும் எம்பிஐ வடிவம் ஒன்று. இரண்டும் ஒரே கணினியில் மோதாமல் இருக்க, ஹெடர் கோப்பு நேராக இன்க்ளூட் ஃபோல்டரில் வைக்கப்படாமல் அதற்குள் எச்டிஎஃப்5, அதற்குள் சீரியல் என்று இரண்டு படி இறங்கி வைக்கப்பட்டிருக்கிறது. லிங்கர் வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் லைப்ரரியின் பெயரோடும் ‘சீரியல்’ என்ற வால் ஒட்டியிருக்கிறது. வெறும் எச்டிஎஃப்5 என்று மட்டும் கேட்கும் பழைய மேக் கோப்புக்கு அது கண்ணில் படாது. பத்து முறை நிறுவினாலும் கோப்பு அதே உள்ஃபோல்டரில்தான் போய் உட்காரும். எச்5சிசி என்ற சிறு கருவியிடம் ‘ஷோ’ என்று கேட்டால், எந்தப் பாதை, எந்தப் பெயர் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். கேட்பவர்தான் குறைவு.

நம்பிக்கை பலிக்கும் இடமும் உண்டு. டெபியனும் உபுண்டுவும் ஒரு லைப்ரரியை இரண்டாகப் பிரித்துத் தருகின்றன: நிரல் ஓடுவதற்கு ஒன்று, கம்பைல் செய்வதற்கு ‘டெவ்’ என்று முடியும் இன்னொன்று. முதலாவது மட்டும் இருந்தால், எடுத்துக்காட்டாக ஃபூரியே உருமாற்றத்துக்கான எஃப்எஃப்டிடபிள்யூ லைப்ரரியின் கோப்பு பெயரின் கடைசியில் 3 என்ற எண்ணோடு இருக்கும். லிங்கர் கேட்பதோ அந்தக் கடைசி எண் இல்லாத பெயரை. அது டெவ் பேக்கேஜில் வரும் வெறும் இணைப்பு. ஆகவே கோப்பு கண்ணெதிரே இருக்க, லிங்கர் கைவிரிக்கும். டெவ் பேக்கேஜை நிறுவினால் சரியாகிவிடும். அப்போதும் லைப்ரரி முன்பே இருந்தது; இல்லாதது அதன் இன்னொரு பெயர்.

அதே எஃப்எஃப்டிடபிள்யூ குரோமாக்ஸில் வேறு விதமாகக் காலை வாருகிறது. 1990களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்த மூலக்கூறு இயக்க மென்பொருள், வழக்கமான அமைப்பில் ஒற்றைத் துல்லிய எஃப்எஃப்டிடபிள்யூவைத்தான் தேடும். லைப்ரரியைத் தானே கம்பைல் செய்தவர் எதுவும் குறிப்பிடாமல் விட்டிருந்தால் கிடைத்திருப்பது இரட்டைத் துல்லியம் மட்டும். உடனே குரோமாக்ஸ் காணோம் என்கிறது. அவரோ இருக்கிறதே என்று திரையோடு சண்டை போடுகிறார். இருவர் சொல்வதும் உண்மை. ‘ஃப்ளோட்’ தேர்வைச் சேர்த்து மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். அல்லது குரோமாக்ஸே தனக்கு வேண்டியதை இறக்கிக் கட்டிக்கொள்ள விட்டுவிடலாம்.

கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் சொல்லும் ‘நோ’வை அப்படியே நம்புவது இன்னும் பெரிய பிழை. அது வட்டில் கோப்பைத் தேடிப் பார்த்துச் சொல்வதில்லை. நாலைந்து வரியில் ஒரு குட்டி சி நிரலை எழுதி, அந்த லைப்ரரியோடு சேர்த்து இணைத்துப் பார்க்கிறது. எந்தக் காரணத்தால் அது தோற்றாலும் விடை ‘நோ’ தான். எச்டிஎஃப்5 நலமாக இருந்து, அது சார்ந்திருக்கும் இசட்லிப் கட்டளையில் விடுபட்டிருந்தாலும் பழி எச்டிஎஃப்5 மேல் விழும். தோற்ற நிரலும் கம்பைலரின் முழுப் புலம்பலும் கான்ஃபிக் லாக் கோப்பில் வரிக்கு வரி பதிவாகியிருக்கும். திரையின் கடைசி வரியைத் தேடுபொறியில் ஒட்டுகிறவர்களில் பலர் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை. அதே வேலையைச் செய்யும் சிமேக்கிலோ சிக்கல் தலைகீழ்: ஒருமுறை கண்டுபிடித்த பாதையை அது கேஷில் வைத்துக்கொள்ளும். கொண்டா என்ற பேக்கேஜ் மேலாளரின் சூழலிலுள்ள தவறான லைப்ரரி முதலில் சிக்கியிருந்தால், பில்டு ஃபோல்டரைத் துடைக்கும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த நம்பிக்கையின் மிகக் கெட்ட பிள்ளை, பெயரை மாற்றி லோடரை ஏமாற்றும் வித்தை. ஜிசிசி கம்பைலரின் 6ஆம் பதிப்பில் ஃபோர்ட்ரான் லைப்ரரியின் எண் 3. ஜிசிசி 7இல் 4. ஜிசிசி 8இல் 5. பழைய நிரல் 3ஐக் கேட்டால் 5க்கு ஓர் இணைப்பைப் போட்டு அதற்கு 3 என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்த எண் அலங்காரமல்ல. எழுத்துச் சரங்களின் நீளத்தை அனுப்பும் முறையையே ஜிசிசி 8 மாற்றியது. ஃபோர்ட்ரான் லைப்ரரி தன் ஒவ்வொரு குறியீட்டிலும் பதிப்பைப் பொறித்திருப்பதால் லோடர் பெரும்பாலும் இந்தத் திருட்டைப் பிடித்துவிடும். அப்படிப் பொறிக்காத லைப்ரரிகளும் உண்டு. அங்கே நிரல் பாதியில் விழுந்தால் நல்லது. விழாமல் தவறான எண்களைக் கொடுத்தால், அது ஆய்வுக் கட்டுரை வரை போய்விடும்.

லோடர் காணோம் என்றால் முதலில் எல்டிடி கட்டளையால் அந்த நிரலைப் பார்ப்பதே முறை. எந்த லைப்ரரி எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எது கிடைக்கவில்லை என்று அது வரிசையாகக் காட்டும். பெரிய கணினித் தொகுதிகளில் இதையும் தவறான இடத்தில் செய்துவிட்டுக் குழம்புவார்கள். லாகின் கணினியில், லைப்ரரிகளின் பாதைகளை அமைக்கும் மாட்யூல்களை ஏற்றிவைத்து எல்டிடி பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். வேலை ஓடுவதோ வேறொரு கணினியில். அங்கே அந்த மாட்யூல்கள் ஏறாமல் இருக்கலாம். வேலை ஸ்கிரிப்ட்டின் உள்ளே, நிரலை அழைக்கும் வரிக்கு மேலே அதே கட்டளையைப் போட்டு ஓட்டினால்தான் விடுபட்ட பெயர் அவுட்புட் கோப்பில் வந்து நிற்கும்.