புள்ள புடிக்கிறவன் இல்ல, நம்ம தெருப் பையன்

தோழர்களே, இந்தப் பதிவு எதிர்க்கட்சிக்கு இல்ல. நமக்கு.

போன வாரம் நம்ம வார்டு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. "புள்ள புடிக்கிறவன் சிக்கினான், அதிகம் பகிரவும்." ஒரு பையனோட காலரைப் பிடிச்சு நாலு பேர் உலுக்குறாங்க. "உன் பேர் என்னடா?"ன்னு கேட்டா அவனும் "உன் பேர் என்னடா?"ங்கிறான். "திமிரப் பாரு"ன்னு ஒரு அறை.

அவன் என் சித்தி மகன். வயசு 19. ஆட்டிசம் இருக்கு. கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்றது திமிர் இல்ல, அவனுக்குப் பேச்சு வர்ற விதமே அதுதான். தெருவுல ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டிட்டு இருந்துச்சு. சக்கரம் சுத்துறதைப் பார்க்கப் பக்கத்துல போனான். வீட்டுல ஃபேன் சுத்துறதையே ஒரு மணி நேரம் பார்ப்பான்.

அதை ஃபார்வர்டு பண்ணவங்கள்ல மூணு பேர் நம்ம நிர்வாகிகள். டெலீட் பண்ணச் சொன்னா "பாதுகாப்புக்குத்தானே தம்பி போட்டோம்"ங்கிறாங்க. யாரோட பாதுகாப்புக்கு அண்ணே?

2018 மே மாதம் மறந்துடுச்சா? திருவண்ணாமலை மாவட்டத்துல குலதெய்வம் கும்பிட வந்த 65 வயசு அம்மா, வழியில குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. அடிச்சே கொன்னாங்க. அதே வாரம் பழவேற்காட்டுல ஒருத்தரைக் கொன்னு பாலத்துல தொங்கவிட்டாங்க. ரெண்டுக்கும் காரணம் இதே மாதிரி வதந்திதான். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தெரிஞ்ச அந்த அம்மாவுக்கே அந்தக் கதி. சொல்லவே வராதவன் என்ன செய்வான்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் சேர்த்துத்தான் பேசுது. பொது இடத்துல அவமானப்படுத்தணும்னே திட்டினாலோ மிரட்டினாலோ பிரிவு 92-ல 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. போலீசுக்கும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் தர்ற பயிற்சியிலயே மாற்றுத்திறனாளி உரிமைகளையும் கட்டாயம் சொல்லித் தரணும்னு பிரிவு 47 சொல்லுது. ஏப்ரல் 2 வந்தா நீல விளக்கு போட்டு போட்டோ எடுக்கிற ஆட்சியாளர்களே, அந்தப் பயிற்சி முடிச்ச காவலர்கள் எத்தனை பேர்? மாவட்ட வாரியா பட்டியல் வெளியிடுங்க. (நம்ம ஆட்களும் முடிச்சாங்களான்னு நானே கேக்கத்தான் போறேன்.)

அதுவரைக்கும் நாம செய்யலாம். அப்படி ஒருத்தரைப் பார்த்தா கூட்டம் சேர்க்காதீங்க, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, கத்தாதீங்க. சின்னச் சின்ன வார்த்தையா கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருங்க. வீட்டு நம்பர் எழுதின அட்டை இருக்கான்னு பாருங்க. இல்லன்னா 112, குழந்தைன்னா 1098. இன்னொண்ணு, ஆட்டிசம் உள்ள குழந்தை காணோம்னு தகவல் வந்தா முதல்ல கிணறு, குளம், ஏரிப் பக்கம் ஓடுங்க. பல பேருக்குத் தண்ணின்னா அவ்வளவு இஷ்டம், ஆபத்து தெரியாது.

தெருமுனை டீக்கடைதான் அவன் தனியா போற ஒரே இடம். இப்ப சித்தி அங்கயும் விடுறதில்ல. ஞாயிறு சாயங்காலம் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மளிகைக் கடைன்னு அவனைக் கூட்டிட்டுப் போய் எல்லாருக்கும் அறிமுகப்படுத்தப் போறேன். அந்த மூணு அண்ணன்களும் கூட வரணும்.

#ஃபார்வர்டு_வேண்டாம்_விசாரிங்க