முடிஞ்சிடுச்சா? முடிஞ்சிடுமா?

ரெண்டு வாரமா அசைன்மென்ட் ஆணி ரொம்ப அதிகம், அதான் ஆளைக் காணோம். அதுல புடுங்கின ஒரு ஆணிதான் இன்னிக்கு மேட்டர்.

சென்னையில பொட்டி தட்டின காலத்துல, சி.ஐ.ஓ.ன்னா எனக்கு க்ளையன்ட் பக்கம் இருக்கற ஒரு பெரிய தலை, அவ்ளோதான். சர்வர் ஓடணும், பட்ஜெட் தாண்டக்கூடாது. சொதப்பினா வேற கம்பெனி பார்த்துக்குவார்னு நினைச்சிருந்தேன்.

இங்க லண்டன்ல, வகுப்புல டி.எஸ்.பி. வங்கி கதையைப் படிச்சதும் அந்த நினைப்பு போயிடுச்சு.

2018 ஏப்ரல்ல அந்த வங்கி, லாயிட்ஸோட பழைய சிஸ்டத்தை விட்டுட்டு, தாய் நிறுவனமான ஸ்பெயின் சபாடெல் குழுமம் கட்டின புது சிஸ்டத்துக்கு மாறிச்சு. 52 லட்சம் வாடிக்கையாளர்கள். தகவல் எல்லாம் ஒழுங்கா வந்து சேர்ந்தது, சிஸ்டம்தான் படுத்துடுச்சு. ஏகப்பட்ட பேரால சொந்தக் கணக்கைத் திறக்க முடியல. எல்லாம் சீராக டிசம்பர் ஆச்சு. 2022 டிசம்பர்ல வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல அபராதம்.

அதோட விடல. 2023 ஏப்ரல்ல, அப்போ சி.ஐ.ஓ.வா இருந்த கார்லோஸ் அபார்காவுக்குத் தனியா 81,620 பவுண்டு அபராதம்! இங்க 2016ல இருந்து வங்கி மேலதிகாரிகள்ல யாரு எதுக்குப் பொறுப்புன்னு பேர் போட்டு எழுதி வைக்கணும். அதனால 'டீம் சொதப்பிடுச்சு'ன்னு நழுவ முடியாது.

அவர் கோடிங்ல தப்பு பண்ணல. சிஸ்டத்தை நடத்த வேண்டிய சபிஸ்ங்கற குழுமக் கம்பெனி, கடைசி நேரத்துல ஒரு உறுதிக் கடிதம் குடுத்தது. அதுல பெரும்பாலும் இருந்தது 'தயாரா இருக்கோம்' இல்ல, 'தயாராகிடுவோம்'. அதைப் போதுமான அளவு தோண்டிக் கேட்கலைங்கறதுதான் முக்கியமான குற்றச்சாட்டு.

இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. ஏன்னா அந்த மாதிரி கடிதாசு நானும் அனுப்பியிருக்கேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, டெஸ்டிங் பாதியில நிக்குது. "பச்சை போட்டு அனுப்புப்பா, திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்"னார் டேமேஜர். அனுப்பிட்டு பிரியாணி சாப்பிடப் போயிட்டோம். அந்தப் பக்கம் ஒருத்தர் அதை நம்பி கையெழுத்துப் போடுவார்னு தோணவே இல்ல.

சி.ஐ.ஓ.வுக்கு மெஷின் தெரிஞ்சா மட்டும் இப்போ பத்தாது. எதிர்ல இருக்கறவன் 'முடிஞ்சிடுச்சு'ங்கறானா, 'முடிஞ்சிடும்'ங்கறானான்னு காது குடுத்துக் கேட்கணும். ரெண்டாவதுன்னா தேதியைத் தள்ளிப் போடற தைரியமும் வேணும்.

உங்கள்ல எத்தனை பேர் பச்சை போட்டு அனுப்பியிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்கப்பா. வர்ட்டா!