எவனோ பாத்துப்பான்

போன மாதம் அம்மாவின் போன் செத்துப்போனது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. திரை இன்னும் பளிச்சென்று இருக்கிறது, பேட்டரி ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது. ஒரு காலையில் வங்கிச் செயலி மட்டும் இந்த ஆண்ட்ராய்டு பழசு, இனி இதில் ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டது. 2017-இல் வாங்கிய போன். கடைசி அப்டேட் 2019-இல் வந்தது. அம்மாவுக்குப் பென்ஷன் ஏறியதா என்று பார்க்க அந்தச் செயலி ஒன்றுதான் வழி. இப்போது ஒவ்வொரு முதல் தேதியும் ஷேர் ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போய் வருகிறார்.

கேம்ப் ரோடு டீக்கடையில் இதை நண்பனிடம் சொன்னேன். பன்னிரண்டு வருஷமாக என்னோடு இதே துறையில் குப்பை கொட்டுகிறவன், என்னைவிட நன்றாகக் கோட் எழுதுவான். "மச்சி, புதுசு ஒண்ணு வாங்கிக் குடு. கெர்னல், டிரைவர்னு நீ ஏன்டா மண்டைய ஒடச்சிக்கிற? அதெல்லாம் எவனோ பாத்துப்பான்."

அந்த 'எவனோ'வோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

அம்மாவின் போன் சாகும்போது அதே வீட்டில், செம்பாக்கத்தில், இன்னொரு கிழட்டு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என் தங்கைக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தின் ஆரம்பகால ஈடு. வந்தபோது விண்டோசும் இருந்தது, சி-டாக் சென்னை உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. 2 ஜிபி ரேம், இன்டெல் கிராபிக்ஸ். கீபோர்டில் இரண்டு எழுத்து போய்விட்டது, பேட்டரி என்பது பேருக்கு. ஆனால் அதில் இன்று இந்த ஆண்டின் கெர்னல் ஓடுகிறது. தங்கை மகன் அதில் டக்ஸ் பெயின்ட்டில் யானை வரைகிறான்.

லேப்டாப் அவ்வளவு உசத்தியா என்றால் இல்லை. அம்மாவின் போன் அதைவிட வேகமானது, ஆறு வயது இளையது. ஆனால் அந்த லேப்டாப்பின் கிராபிக்ஸ் மெமரியை நிர்வகிக்கும் நிரல் லினக்ஸ் கெர்னலின் மூலக் கிளைக்குள் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கெர்னல் மாறும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து திருத்தப்படும். போனின் கிராபிக்ஸ் டிரைவர் அப்படி இல்லை. பாதி தயாரிப்பாளரின் தனிக் கிளையில், மீதிப் பாதி யாரும் திறக்க முடியாத பைனரியாக, ஒரே ஒரு பழைய கெர்னலோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. மோடம், கேமரா என்று வேறு முடிச்சுகளும் உண்டு, பழி முழுவதும் கிராபிக்ஸ் மேல் இல்லை. ஆனால் இது பெரிய முடிச்சு.

அதென்ன அப்படி நிர்வகிக்க வேண்டியிருக்கிறது? நீங்கள் இந்தப் பக்கத்தை விரலால் தள்ளும்போது நகர்வது எழுத்து இல்லை, படம். 'அ' என்பது ஒருமுறை வரையப்பட்டு மெமரியில் ஒரு துண்டாகக் கிடக்கிறது. விண்டோ ஒரு துண்டு, பின்னணி ஒரு துண்டு, மொத்தத் திரையும் ஒரு துண்டு. இவற்றைக் கெர்னல்காரர்கள் 'பஃபர் ஆப்ஜெக்ட்' என்பார்கள். ஒவ்வொன்றையும் யார் கேட்டார், யார் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார், சிபியு எழுதி முடித்ததா, ஜிபியு படித்து முடித்ததா, எப்போது விடுவிக்கலாம் என்று யாராவது கணக்கு வைக்க வேண்டும். 2008 வரை லினக்சில் இந்தக் கணக்கில் பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியே, ரூட் அதிகாரத்தோடு ஓடும் எக்ஸ் சர்வர் கையில் வைத்திருந்தது. கெர்னல் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி.

மே 2008-இல் இன்டெல்லில் இருந்த கீத் பேக்கார்டும் எரிக் அன்ஹோல்ட்டும் 'ஜெம்' என்ற ஒன்றை முன்வைத்தார்கள். கிராபிக்ஸ் எக்ஸிக்யூஷன் மேனேஜர் என்பதன் சுருக்கம். அதற்கு முன்பே டங்ஸ்டன் கிராபிக்சின் தாமஸ் ஹெல்ஸ்ட்ரோம் தரப்பில் 'டிடிஎம்' என்ற பெரிய ஏற்பாடு இருந்தது. தனி வீடியோ மெமரி கொண்ட கார்டுகளுக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதப்பட்டதால் கனமானது. இன்டெல் கிராபிக்சுக்குத் தனி மெமரியே கிடையாது, கணினியின் ரேமிலிருந்துதான் எடுக்கிறது. அதற்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டு, சிறியதாக ஒன்றை எழுதினார்கள். டிசம்பர் 2008-இல் 2.6.28 கெர்னலில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு டிடிஎம்மும் வந்தது. ரேடியான் கார்டுகளுக்கு வெளியே ஜெம் முகம், உள்ளே டிடிஎம் வயிறு என்று சமாதானம் ஆனது.

ஜெம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் செம்பாக்கத்துக்காரனாகச் சொல்ல எனக்கு ஏரிதான் கிடைக்கிறது. எங்கள் ஏரிக்கு ஓர் அளவுதான் கொள்ளும். மிஞ்சியது கலங்கல் தாண்டி நன்மங்கலம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ஏரி ஏரியாக இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. ஜிபியுவின் கண்ணுக்குத் தெரியும் முகவரி வெளியும் அப்படி ஓர் அளவுதான். புதுத் துண்டு உள்ளே வர இடமில்லை என்றால் நெடுநேரம் தொடப்படாத துண்டு ஒன்று வெளியே ரேமுக்குத் தள்ளப்படும். ரேமும் நிறைந்தால் அங்கிருந்து டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப்புக்கு. போன தண்ணீர் திரும்பாது. பஃபர் கேட்டால் திரும்பி வரும், உவமை அந்த இடத்தில் உதைக்கிறது. ஆனால் 'பின்' செய்யப்பட்ட துண்டுகள் என்று சில உண்டு. திரையில் இப்போது தெரிகிற படம் அப்படி. விநாடிக்கு 60 முறை அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாது. ஏரிக்குள் பட்டா வாங்கி வீடு கட்டியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அதிகமானால் என்ன ஆகும் என்று 2015 டிசம்பரில் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே மே 2008-இல் நான் நாலாம் செமஸ்டர் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பேங்கர்ஸ் அல்காரிதம், 16 மார்க். சாப்பாட்டு மேசையில் ஐந்து தத்துவஞானிகள். டைனோசர் அட்டை போட்ட புத்தகத்தின் ஜெராக்ஸ். அந்த வருஷம் முழுக்க ஒரு நிஜ கெர்னலின் ஒரு கோப்பைக்கூட எங்களுக்கு யாரும் திறந்து காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இத்தனைக்கும் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில், எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில், ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்திக்கொண்டிருந்தன. சுஜாதா படித்த அதே வளாகம். நான் அந்த வாசலைத் தாண்டிச் சினிமாவுக்குப் போயிருக்கிறேன்.

என் கல்லூரி மட்டும் கெட்டது என்று அழ வரவில்லை. கீழே இருப்பது நமக்கானதில்லை என்ற நினைப்பு எப்படி ஊட்டப்படுகிறது என்றுதான் சொல்கிறேன். பாடப்புத்தகம் கெர்னலைக் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி விவரித்தது. உள்ளே இருப்பவர்களுக்குத் தப்பே வராது என்று நம்பினோம்.

ஆனால் வந்தது. ஜெம்மிலேயே வந்தது.

ஒரு செயலி தன் துண்டை இன்னொரு செயலிக்குக் கொடுக்க வேண்டும். விண்டோவில் வரைந்ததை எக்ஸ் சர்வரிடம் ஒப்படைப்பது போல. அதற்கு ஜெம் 'ஃபிளிங்க்' என்று ஒரு வழி வைத்தது. துண்டுக்கு ஒரு பொது எண் கிடைக்கும், அந்த எண்ணைச் சொன்னால் துண்டு கிடைக்கும். எண்கள் 1, 2, 3 என்று சின்னச் சின்னதாகப் போகும். கோயில் வாசல் செருப்பு ஸ்டாண்டில் டோக்கனைக் காட்டத் தேவையில்லை, நம்பரை வாயால் சொன்னாலே போதும் என்றால் எப்படி இருக்கும்? அதேதான். அந்த கிராபிக்ஸ் சாதனத்தைத் தொட அனுமதி பெற்ற எந்தச் செயலியும் எண்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்து இன்னொரு விண்டோவின் உள்ளடக்கத்தை எடுக்கலாம். கர்ப்பகிரகத்தில் இருந்தவர்கள் எழுதியது இது.

மருந்து வேறு தேவையிலிருந்து வந்தது. போன் சிப்புகளில் கேமரா, வீடியோ டிகோடர், ஜிபியு மூன்றும் ஒரே துண்டை நகலெடுக்காமல் பகிர வேண்டியிருந்தது. அதற்காக 'டிஎம்ஏ-பஃப்' என்ற ஏற்பாட்டை எழுதியவர் சுமித் செம்வால், இந்தியப் பொறியாளர். 2012-இல் 3.3 கெர்னலில் சேர்ந்தது. இதில் துண்டு ஒரு கோப்பு விவரிப்பானாக மாறுகிறது. அதைக் கைக்குக் கை கொடுத்தால்தான் உண்டு, எண்ணை ஊகித்து ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் வந்த டிஆர்ஐ3-உம் வேலேண்டும் இதன் மேல்தான் நிற்கின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் வீடியோ கால் எடுக்கும்போதும் முகம் இந்த வழியாகத்தான் கடந்து போகிறது. சுந்தர் பிச்சை எந்தப் பள்ளியில் படித்தார் என்று நமக்கு மனப்பாடம். சுமித் செம்வால் பெயரை ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் நான் பார்த்ததில்லை.

அதே 2012 அக்டோபரில் என்விடியா தரப்பிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. டிஎம்ஏ-பஃப் வாசல்கள் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கும் டிரைவர்களுக்கு மட்டும் திறக்கும் என்று குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் குறியை மாற்றுங்கள், எங்கள் மூடிய டிரைவரும் பயன்படுத்தட்டும் என்றார்கள். ஆலன் காக்ஸ் மறுத்தார். கெர்னலில் என் நிரலும் இருக்கிறது, அது ஜிபிஎல், மூடிய டிரைவருக்கு நான் அனுமதி தரவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். உலகின் பெரிய கிராபிக்ஸ் நிறுவனம் ஒன்று வாசலில் நின்றது. பத்து வருஷம் கழித்து, மே 2022-இல், என்விடியா தன் கெர்னல் டிரைவரின் மூலத்தைத் திறந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அன்று உள்ளே இருந்தவர்கள் 'எவனோ பாத்துப்பான்' என்று விட்டிருந்தால் வாசலே இருந்திருக்காது.

இங்கே நம் ஆட்களிடம் வருகிறேன். தமிழ்க் கணிமைக்காரர்கள் எழுத்துருவுக்காக, குறியேற்றத்துக்காக இருபது வருஷம் சண்டை போட்டார்கள். நியாயமான சண்டை. 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடும் டேஸ்-16-உம் அரசாணையாகிற வரை போனது. 'கொ' எத்தனை எண் என்று அடித்துக்கொண்டோம். அந்த 'கொ' படமாகி மெமரியில் ஒரு துண்டாக விழுந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர் மூடியதாக இருந்தால், போன் நாலு வருஷத்தில் காயலான் கடைக்குப் போனால், எந்தக் குறியேற்றம் காப்பாற்றும்?

அரசையும் கேட்கிறேன். அந்தப் பழைய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டன. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ என்று மறுபடி அறிவித்தார்கள். ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று டெண்டரில் எழுதுவார்கள். கூடவே ஒரே ஒரு வரி எழுதட்டும்: கிராபிக்ஸ் டிரைவர் மூல லினக்ஸ் கெர்னலில் இருக்க வேண்டும். காசு செலவாகாத வரி. நாலு வருஷத்தில் சாக வேண்டியது பத்து வருஷம் ஓடும். இது என் தத்துவம் இல்லை, தங்கையின் லேப்டாப் சாட்சி.

நண்பன் இதற்கும் பதில் வைத்திருக்கிறான். "பெங்களூர்ல, ஹைதராபாத்ல நம்ம பசங்க இத எழுதிட்டுதான்டா இருக்காங்க." உண்மை. டிஆர்எம் கமிட்டுகளில் இந்தியப் பெயர்கள் நிறைய. ஆனால் அது சம்பளத்துக்குச் செய்கிற வேலையாக அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. ஊருக்குத் திரும்பி வருவதில்லை, பேச்சாக வருவதில்லை, தமிழாக வருவதே இல்லை. மாலி ஜிபியுவுக்குத் திறந்த டிரைவர் இல்லை என்றபோது பான்ஃபிராஸ்ட் என்ற பெயரில் அதைத் தோண்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் அலிஸா ரோசன்ஸ்வைக். தொடங்கியபோது அவர் பள்ளி மாணவி. 2019-இல் 5.2 கெர்னலில் அது சேர்ந்தது. நம் பள்ளி மாணவி ஒருத்திக்கு மூளை குறைவா? அப்படி ஓர் இடம் இருப்பதையே நாம் சொல்லித் தரவில்லை.

இருக்கிறது. கெர்னல் ஆவணங்களில் கிராபிக்ஸ் பிரிவுக்கென்று செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தொடக்க நிலையா, கடினமா என்று போட்டிருக்கும். கார்டு வாங்கப் பணம் இல்லையென்றால் விகேஎம்எஸ் என்ற கற்பனை டிரைவர் இருக்கிறது, எந்த வன்பொருளும் வேண்டாம். ஜெம் கோப்பின் மேல் இருந்த விளக்கக் குறிப்பில் மூன்று வரி தெளிவில்லை என்று நானும் போன வருஷம் ஒரு திருத்தம் அனுப்பினேன். முதல் தடவை வடிவம் தப்பு. இரண்டாம் தடவை விளக்கமே தப்பு, நான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மூன்றாவது இன்னும் அனுப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் அந்த லேப்டாப்பில் டீபக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். இப்போது எத்தனை ஜெம் துண்டுகள் உயிரோடு இருக்கின்றன என்று அது காட்டும். பையன் யானைக்குத் தும்பிக்கை போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இது என்ன நம்பர் மாமா?"

"நீ வரையறதுக்கு எத்தன பேப்பர் எடுத்திருக்கேன்னு எண்ணுது."

இன்னொரு விண்டோ திறந்தான். எண் ஏறியது. மூடினான். இறங்கியது. ஆறேழு தடவை திறந்து மூடினான்.

"யாரு எண்றாங்க?"

மூலக் கோப்பைத் திறந்து, மேலே எழுதியவர் பெயர் இருக்கும் வரியில் விரல் வைத்தேன். எழுத்துக் கூட்டினான். எ-ரி-க். அடுத்த சொல் வாயில் நுழையவில்லை. விட்டுவிட்டு யானைக்கு வால் போடப் போய்விட்டான்.