தோட்டத்துச் சாளைக்கு ஏற்ற கம்ப்ரசர் எது?

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் முன்பெல்லாம் மண்வெட்டியும், கடப்பாரையும், கலப்பையும், கவலை வடமுமே சாத்தியிருக்கும். இன்று அதே சாளையில் டிராக்டர், டிரெய்லர், விசைத் தெளிப்பான், தீவனத்தட்டு வெட்டும் இயந்திரம், ஒன்றிரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. இவற்றோடு ஒரு சிறிய காற்றழுத்த இயந்திரமும், அதாவது கம்ப்ரசரும், இருந்தால் நல்லது என்ற எண்ணம் சிறு விவசாயிகளிடையே பரவி வருகிறது. எண்ணம் தவறல்ல. ஆனால் வாங்கப்படுவது பல இடங்களில் தவறான இயந்திரமாக இருக்கிறது.

முதலில், வேண்டுமா என்று பார்க்கவேண்டும். மோட்டார் சைக்கிளும் கைத்தெளிப்பானும் மட்டும் உள்ள வீட்டிற்குக் கால் பம்பு போதும். டிராக்டர் உள்ள வீட்டின் கதை வேறு. புரட்டாசி மழைக்குப் பிறகு விதைப்பு ஈரம் நிற்பது சில நாட்கள்தான். அந்த நேரத்தில் பின் டயரில் காற்று இறங்கிக் கிடந்தால், ஐந்தாறு மைல் தொலைவில் உள்ள பஞ்சர் கடைக்கு வண்டியை ஓட்டிச் செல்லவும் முடியாது. ஓட்டினால் டியூப் கிழியும். ஒரு நாள் ஈரம் போனால் அந்தப் பட்டத்தில் அது திரும்பக் கிடைக்காது. இத்தகைய விவசாயிக்குக் கம்ப்ரசர் ஆடம்பரமன்று.

கோவையில் கம்ப்ரசர் கிடைப்பது அரிதல்ல. எல்ஜி நிறுவனம் 1960ஆம் ஆண்டில் தோன்றிய ஊர் இது. பெரிய நிறுவனங்களன்றிச் சிறு பட்டறைகளும் கம்ப்ரசர்களைப் பூட்டித் தருகின்றன. கடைக்குள் நுழைந்ததும் சொல்லப்படுவது இரண்டு கணக்கு: எத்தனை குதிரைசக்தி, தொட்டி எத்தனை லிட்டர். இவ்விரண்டையும் மட்டும் கேட்டு வாங்குவது, மாட்டின் கொம்பைப் பார்த்துப் பாலை விலை பேசுவது போன்றது. குதிரைசக்தி என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் வலு. தொட்டி என்பது சேமிப்புக் குதிர். அது காற்றை உண்டாக்குவதில்லை. நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று உண்மையில் வெளிவருகிறது என்பதே தெரியவேண்டிய கணக்கு. இதிலும் ஒரு சூது உண்டு. பிஸ்டன் தள்ளும் இடத்தை மட்டும் கணக்கிட்டு அட்டையில் பெரிய எண்ணாக அச்சிடுவார்கள். சிறு இயந்திரங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு வெளிவந்தாலே நல்ல இயந்திரம் எனலாம்.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். கைக்கடிகாரம் ஒன்று போதும். தொட்டியில் உள்ள காற்று முழுவதையும் வெளியேற்றி, வால்வை மூடி, இயந்திரத்தை ஓட்டச் சொல்லவேண்டும். முள் 7 கிலோவைத் தொட எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும். தொட்டியின் லிட்டரை 7ஆல் பெருக்கி, ஆன நிமிடங்களால் வகுத்தால், நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்று வருகிறது என்பது கிடைக்கும். அதை 28ஆல் வகுத்தால் கன அடி. 50 லிட்டர் தொட்டி 5 நிமிடத்தில் நிரம்பினால் 350ஐ 5ஆல் வகுக்க 70 லிட்டர், அதாவது இரண்டரை கன அடி. அதே தொட்டிக்கு 8 நிமிடம் ஆனால் ஒன்றரை கன அடிதான். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஓட்டிக்காட்டத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவதில் நட்டமில்லை. நஞ்சப்பா சாலையில் கடைகளுக்குப் பஞ்சமா?

இரண்டரை கன அடி போதுமா? டிராக்டர் பின் டயருக்கு வயல் வேலையில் 12 முதல் 16 பவுண்டு அழுத்தமே தேவை. அதாவது ஏறத்தாழ ஒரு கிலோ. ஆனால் டயரின் கொள்ளளவு பெரிது. 35, 40 குதிரைசக்தி டிராக்டரின் பின் டயருக்குள் 200 லிட்டருக்கு மேல் இடமுண்டு. நிரம்பிய 50 லிட்டர் தொட்டியிலிருந்து 7 கிலோவை 1 கிலோவுக்கு இறக்கும்போது 300 லிட்டர் காற்று கிடைக்கிறது. ஆகவே முற்றிலும் இறங்கிய டயரையும் அந்தத் தொட்டி ஒன்றே அநேகமாக நிமிர்த்திவிடும். 24 லிட்டர் தொட்டியானால் பாதியில் மோட்டார் ஓடவேண்டிவரும். கெடுதி இல்லை, நேரம் மட்டும் கூடும். காரின் பேட்டரியில் ஓடும் கையடக்கப் பம்புகளோ இவ்வளவு காற்றை அடிப்பதற்குள் சூடேறிவிடும்.

ஒரு குதிரைசக்தி, 50 லிட்டர் தொட்டி, வார்ப்பிரும்பு சிலிண்டர், பெல்ட் ஓட்டம், எண்ணெய் ஊற்றும் வகை என்பதே பெரும்பாலான சாளைகளுக்குப் போதுமான அளவு. எண்ணெய் வேண்டாத வகை எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் காதைத் துளைக்கும் சத்தம், வளையம் தேய்ந்தால் பழுது பார்ப்பதும் கடினம். பெல்ட் வகை மெதுவாகச் சுழல்வதால் நீடித்து உழைக்கும். வால்வுத் தட்டு, பிஸ்டன் வளையம், கேஸ்கட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். காற்றில் ஓடும் கிரைண்டரும் ஓட்டலாம் என்று நம்பி மூன்று குதிரைசக்திக்குத் தாவவேண்டாம். அதற்கு எட்டு கன அடிக்கு மேல் காற்று வேண்டும். மின்சாரக் கிரைண்டர் ஒன்று வாங்கினால் செலவில் சிறு பங்கே ஆகும்.

காற்றுக் குழலால் சுத்தம் செய்வதிலும் அளவு உண்டு. டிராக்டரின் காற்று வடிகட்டியை உள்ளிருந்து வெளிப்பக்கமாக, 2 கிலோவுக்கு மேற்படாமல் ஊதவேண்டும். கூடினால் காகிதம் கிழிந்து, தூசி நேராக என்ஜினுக்குள் போகும். சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிந்த அடைப்பைக் காற்றடித்து எடுக்க முயல்வது வீண். அதற்கு அமிலச் சிகிச்சையே முறை. கறவை இயந்திரத்தை இதில் ஓட்டலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். முடியாது. அது காற்றை உறிஞ்சும் பம்பினால் ஓடுவது.

இனி, கொங்கு மாவட்டங்களுக்கே உரிய ஒரு செய்தி. தண்ணீர் குறைந்த ஆழ்குழாய்க் கிணறுகளில் கம்ப்ரசர் வைத்து, காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீர் எடுத்தவர்கள் பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கங்களில் ஏராளம். பின்னர் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறியவர்களின் பழைய கம்ப்ரசர் மோட்டார் அறையில் துருப்பிடித்துக் கிடக்கும். அதைப் பட்டறைக்குப் பயன்படுத்தலாம் என்பது நல்ல யோசனையே. ஆனால் அது இடைவிடாமல் ஓடுவதற்காக அமைந்தது. முறையான தொட்டி, அழுத்தம் ஏறியதும் தானே நிறுத்தும் சுவிட்ச், பாதுகாப்பு வால்வு ஆகிய மூன்றையும் சேர்த்த பிறகே பயன்படுத்தவேண்டும். இச்செலவைக் கூட்டிப் பார்த்தால் புதிய சிறு கம்ப்ரசரின் விலையை நெருங்கக்கூடும். மேலும் பம்புசெட்டுக்கு வழங்கப்படும் இலவச மின்சாரத்தைப் பட்டறைக்குத் திருப்புவது விதிமீறல். வீட்டு இணைப்பில் ஓடும் ஒற்றை முனை மோட்டாரே சிறு விவசாயிக்குத் தொல்லையில்லாதது.

செலவை மிச்சம்பிடிக்கக் கூடாத இடம் தொட்டி. பழைய சமையல் வாயு சிலிண்டரையும் இரும்புப் பீப்பாயையும் வெல்டிங் செய்து தொட்டியாக்கும் பழக்கம் உயிருக்கு உலை வைப்பது. 7 கிலோ அழுத்தம் என்பது உள்ளங்கை அகலத்தில் அரை டன்னுக்கும் மேலான பாரம். துளை விழுந்த தொட்டியை அடைத்து வெல்டிங் செய்வதும் ஆகாது, மாற்றிவிடவேண்டும். பஞ்சர் கடைகளில் கைமாறி வரும் பழைய கம்ப்ரசரை வாங்குவோர், தொட்டியின் அடிவயிற்றைத் தட்டிப் பார்க்கவேண்டும். வெளியில் புதுப் பெயிண்ட் மின்னும். துரு உள்ளிருந்தே தின்னும். அடியில் உள்ள திருகைத் திறந்தால் செம்மண் கரைத்தாற்போல் நீர் வருமானால் விலை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

மின்னழுத்தம் குறைந்த வேளையில் ஓட்டினால் மோட்டாரின் கண்டென்சர் போகும். தூரத்தில் நிற்கும் டிராக்டருக்காக மின்கம்பியை நீட்டுவதைவிட, காற்று ஓசை நீட்டுவதே சரி. வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிட்டு, வாரம் ஒருமுறை பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்து, காற்று சீறுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். மழைக்காலத்தில் நீர் கூடுதலாகச் சேரும். அப்போது இடைவேளையிலும் ஒருமுறை வடிக்கலாம்.