மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது? எழுதித் தாருங்கள்

திருவிடைமருதூர் வட்டத்தில் சீலியாக் நோயோடு வாழ்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் எங்கள் உடம்புக்கு ஆகாது. உள்ளே போனால் எங்கள் நோய் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரை அரிக்கிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. உப்புசம், வயிற்றுப்போக்கு, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலும் தீராத இரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத பிள்ளை என்று ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு மாதிரி தலைகாட்டும். வில்லம் கரேல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர் 1950-ல் தம் ஆய்வேட்டில் கோதுமையைக் குற்றவாளியாகக் காட்டினார். அன்று முதல் இன்றுவரை வைத்தியம் ஒன்றுதான்: ஆயுள் முழுக்கக் குளூட்டனை விலக்க வேண்டும்.

"நெல்லு விளையிற ஊரு, சோத்தைத் தின்னுட்டுப் போக வேண்டியதுதானே" என்பார்கள். வாஸ்தவம். இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை என்று சாப்பாட்டில் ஹரியானாக்காரரைவிட நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்தான். எங்கள் பாடு மருந்துக்கடையில் தொடங்குகிறது.

நெஞ்சைக் கரிக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது என்று கேஸ் மாத்திரை வாங்கப் போகிறோம். அட்டையின் பின்புறம் பார்த்தால் பான்டபிரசோல் 40 மில்லிகிராம் என்று தெளிவாக இருக்கும். அடுத்த வரியில் 'எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்.', அதாவது துணைப்பொருள்கள் வேண்டிய அளவு. அதற்கடுத்து நிறமி. அவ்வளவுதான். மாத்திரையை உருட்டிச் சேர்த்துப் பிடித்திருப்பதும், வயிற்றில் போய் உடைய வைப்பதும் பெரும்பாலும் ஏதோ ஒரு ஸ்டார்ச். அது மக்காச்சோளமா, உருளைக்கிழங்கா, மரவள்ளியா, அரிசியா, கோதுமையா? அட்டையில் பதில் இல்லை.

"தம்பி, இதுல கோதுமை மாவு எதுவும் சேர்ந்திருக்குமாப்பா?"

"மாத்திரையில ஏதுக்கா கோதுமை? எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

தம்பி சொல்வது அநேகமாகச் சரியாகவே இருக்கலாம். இல்லாத பூதத்தைக் காட்டி ஊரைப் பயமுறுத்த நாங்கள் வரவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 டிசம்பரில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், மிகச் சில மருந்துகளில்தான் கோதுமை ஸ்டார்ச் சேர்க்கப்படுகிறது என்கிறது. அப்படிச் சேர்ந்தாலும் ஒரு மாத்திரைக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் வராது என்பது அதன் கணக்கு. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை பெரும்பாலான நோயாளிகள் தாங்குவார்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அது அங்கே விற்கும் மருந்துகளைப் பார்த்துப் போட்ட கணக்கு. எங்கள் கையில் இருக்கும் அட்டையைப் பற்றி எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. தெம்புக்கு என்று தரப்படும் டானிக்கில் மால்ட் சத்து இருந்தால், அது பார்லி. மாத்திரைக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

மாத்திரையில் இருக்கும் கோதுமையைவிட, இருக்குமோ என்ற சந்தேகம்தான் எங்களை அதிகம் கெடுக்கிறது. சந்தேகப்பட்டு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியவர் எங்களில் உண்டு. தைராய்டு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர் உண்டு. சப்பிச் சாப்பிடும் கேஸ் மாத்திரையில் இனிப்புக்குச் சேர்க்கும் சார்பிட்டால் சிலருக்கு வயிற்றை ஊத வைக்கும். அதைக் குளூட்டன் என்று நினைத்து நல்ல மருந்தைக் குப்பையில் போட்டவரும் உண்டு. பட்டியல் முழுதாக இருந்தால் இவற்றில் எதுவுமே நடந்திருக்காது. (இதைப் படிக்கும் யாரும் மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.)

ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம், தன்னுள் கோதுமை இருக்கிறது என்று ஒவ்வாமைப் பட்டியலில் சொல்ல வேண்டும். உணவு முத்திரை விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. 'குளூட்டன் இல்லாதது' என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அளவு வைத்திருக்கிறது. நாட்டு மருந்துக்கும் சட்டம் கறார்தான்: சித்த, ஆயுர்வேத மருந்தில் சேர்ந்த பொருள் அத்தனையும் புட்டியின் மேல் இருக்க வேண்டும் என்கிறது மருந்து விதிகளின் 161-ஆம் விதி. பிஸ்கட்டும் சூரணமும் சொல்வதை, நோயாளி தினமும் விழுங்கும் ஆங்கில மருந்து மட்டும் ஏன் சொல்லக்கூடாது?

"உங்களை மாதிரி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். குறைவுதான், ஒப்புக்கொள்கிறோம். நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேருக்கும் தெற்கே 0.11 பேருக்கும் இந்நோய் தெரிந்தது. அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம், கிட்டத்தட்டச் சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

அந்த 25 கிராம் எத்தனை நாளைக்கு? சர்க்கரை வந்துவிட்டால் ராத்திரிச் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி சாப்பிடு என்கிறார்கள். கும்பகோணம் சாலை நெடுகப் பரோட்டாக் கல் அணைவதில்லை. பக்கத்து ஆடுதுறையில் 1922 முதல் நெல்லுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிற வட்டத்தில், வீட்டுக்கு வீடு கோதுமை தோசை ஊற்றுகிறார்கள். கோதுமை கூடக்கூட, இதுவரை வெளித்தெரியாமல் இருந்தவர்களும் மருத்துவமனைக்கு வருவார்கள். அரிசி நாடு என்பதால் இங்கே இந்நோயை யாரும் முதலில் நினைப்பதில்லை. கேஸ், அல்சர், மனக்கவலை என்று வருஷக்கணக்கில் ஓடுகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது:

மத்திய சுகாதார அமைச்சகத்திடமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையிடமும் எங்கள் முதல் கோரிக்கை. உட்கொள்ளும் எல்லா மருந்திலும், கடையில் நேராக வாங்கும் கேஸ் மாத்திரை, ஜெல், பவுடர் உட்பட, துணைப்பொருள்களின் முழுப் பட்டியல் பெட்டி மேலோ உள்ளே வைக்கும் தாளிலோ இருக்க வேண்டும். ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், மால்ட் என்று வந்தால் எந்தப் பயிரிலிருந்து என்று கூடவே போட வேண்டும். 2022 நவம்பர் அறிவிப்பின்படி 300 மருந்துகளுக்குக் கியூஆர் குறி கட்டாயமாயிற்று. அதில் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி, உரிம எண் எல்லாம் கேட்டார்கள், துணைப்பொருளைக் கேட்கவில்லை. கியூஆரில் சேர்ப்பது நல்லது, அது மட்டும் போதாது. பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும், தமிழிலும் கிடைக்க வேண்டும். ஐரோப்பாவில் கோதுமை ஸ்டார்ச் சேர்ந்த மருந்தின் தாளில், ஒரு மாத்திரையில் குளூட்டன் இத்தனை மைக்ரோகிராமுக்கு மேல் இல்லை என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியும்.

தமிழ்நாடு அரசால் தில்லியை எதிர்பார்க்காமலே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது முதல் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்குகிறது. அந்த ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: மருந்து தருகிற நிறுவனம், அதில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலிருந்து எடுத்த பொருள் உண்டா இல்லையா என்று கையொப்பமிட்டுத் தர வேண்டும். வந்த பதில்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களுக்கும் இதையே நீட்டிக்கலாம். பணம் அதிகம் ஆகாத வேலை. சேலத்து மரவள்ளி ஸ்டார்ச்சும் நம்மூர் அரிசி ஸ்டார்ச்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, 'இல்லை' என்று எழுதித் தருவது நிறுவனங்களுக்கும் கடினமில்லை.

மருந்துக்கடை அண்ணன் தம்பிகளிடம் கேட்பது: சீட்டில் எழுதிய மாத்திரை இல்லையென்றால் "இதுவும் அதேதான்" என்று வேறு நிறுவனத்தை மாற்றித் தராதீர்கள். செயல்மருந்து அதேதான், மாவு வேறாக இருக்கலாம். எங்களைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். நாலு மாத்திரை கத்தரிக்கும்போது நிறுவனப் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கிற பக்கத்தை எங்களுக்குக் கொடுங்கள். முடியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளவாவது விடுங்கள். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் காகித உறையில் போட்டுத் தரும் உதிரி மாத்திரைக்கும் இதே வேண்டுகோள்.

மருத்துவர்களுக்கு: மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை கேட்டு வருபவருக்கு இரத்தசோகையும் இருந்தால், சீலியாக்கைக் கண்டறியும் டிடிஜி இரத்தப் பரிசோதனைக்கு ஒருமுறை எழுதிக்கொடுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரும்புச்சத்து சேர்வதையும் குறைக்கும். சீலியாக்காரருக்கு அது இரட்டை அடி. சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தச் சொல்லாதீர்கள், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். திருவிடைமருதூர் அரசு மருத்துவமனையில் இரத்தம் எடுத்துத் தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டும். கூலி வேலைக்காரர் இதற்காக ஒருநாள் சம்பளத்தை விடக்கூடாது.

நம் வீட்டு வைத்தியத்துக்கு வருவோம், ஏனென்றால் வயிறு மந்தம் என்றால் முதலில் கை போவது மோருக்கும் பெருங்காயத்துக்கும்தான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பங்கு மாவும் பிசினும். பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை மாவு. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது, கண்ணாடி போட்டால் தெரியும். அதை முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும். பெருங்காயம் சேரும் சூரணங்களில் வெறுமனே 'பெருங்காயம்' என்று எழுதுவது எங்களுக்குப் பயன்படாது. பால் பெருங்காயமா, கூட்டுப் பெருங்காயமா, கூட்டென்றால் எந்த மாவு என்று சித்த மருந்துத் தயாரிப்பாளர்கள் எழுத வேண்டும். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் சிறு தயாரிப்பாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் குளூட்டன் சோதனை செய்து தந்தால், அரிசி மாவில் பெருங்காயம் கட்டுபவர்கள் இங்கேயே பெருகுவார்கள்.

மருந்து நிறுவனங்களுக்கு ஒரே வார்த்தை. பெட்டியில் போட்டிருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தால் "மூணு வேலை நாள்ல சொல்றோம்" என்கிறீர்கள், அத்தோடு சரி. பதினைந்து நாளுக்குள், எழுத்தில், தொகுதி எண் குறித்துச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று உண்டு: காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை வரும் நாட்களில் மருத்துவச் சான்று தரும் பிள்ளைக்கு அரிசி உப்புமாவோ பொங்கலோ தனியாக வேண்டும்.

இச்சாசனத்தின் நகல்கள்: மத்திய சுகாதார அமைச்சகம், இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர், தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், மருத்துவப் பணிகள் கழக மேலாண் இயக்குநர், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர், தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர், திருவிடைமருதூர் சட்டமன்ற உறுப்பினர், வட்டத்தில் உள்ள எல்லா மருந்துக்கடைகளும்.