வாங்கின விலை எது? ராணுவச் சாப்பாட்டு பில்லில் இருந்த ஓட்டை

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைக்கு 2005 முதல் உணவு சப்ளை செய்தது சுப்ரீம் நிறுவனம். ஒப்பந்தக் கணக்கு சிம்பிள்தான்: பொருளை வாங்கின விலை, அதற்கு மேல் பேசி முடித்த விநியோகக் கட்டணம். கட்டணத்தை ஏற்ற முடியாது. வாங்கின விலையை?

தன் கட்டுப்பாட்டில் இருந்த அமீரகக் கம்பெனி ஒன்றை, யாரோ வெளியாள் மாதிரி நடுவில் நிறுத்தியது சுப்ரீம். பங்காளி கடையில் பில் போட்டு ஆபீஸில் க்ளெய்ம் பண்ணுகிற அதே வேலை! காய்கறி, பழம், பாட்டில் தண்ணீர் விலையெல்லாம் எகிறியது. முன்னாள் அதிகாரி ஒருவரே வழக்குப் போட்டார். 2014 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்ட சுப்ரீம், அபராதம், இழப்பீடு எல்லாம் சேர்த்து சுமார் 38.9 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

தொகை பெரிசுதான். ஆனால் நடுவில் நிற்பவர் யாருடைய ஆள், அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்ற கேள்வியை முதல் லாரி கிளம்பும் முன்பே கேட்டிருக்கணும்.